கடைமடைக்கு வராத கோட்டா

வெட்டாறு கடலில் கலக்கும் ஊர் நாகூர். மேட்டூரில் திறக்கிற தண்ணீர் கல்லணையில் பிரிந்து, ஆறு ஆறாக, வாய்க்கால் வாய்க்காலாக ஓடி, மேலே இருப்பவர்கள் எடுத்தது போக மிச்சம் வந்து சேருகிற இடம். கடைமடை என்றால் என்ன என்று இந்தப் பக்கத்து விவசாயிக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அணை திறந்த அன்று பூத்தூவுகிற படம் பேப்பரில் வரும். வாய்க்காலில் தண்ணீர் மட்டும் வராது. கேட்டால், "அதான் ஒதுக்கீடு பண்ணியாச்சே" என்று பதில் வரும்.

ஒதுக்குவது வேறு, வந்து சேருவது வேறு. இந்த ஒரு வித்தியாசம் புரிந்துவிட்டால் சுதந்திர இந்தியாவின் தொழில் வரலாற்றில் ஒரு பெரிய அத்தியாயமே புரிந்துவிடும். வெளிநாட்டிலிருந்து வரும் மூலப்பொருளை அரசாங்கம் ஆலைகளுக்குப் பங்கு போட்டுக் கொடுத்த கதை அது. பங்கு சரியில்லை என்று ஆலைக்காரர்கள் கோர்ட் படியேறிய கதையும் கூட.

அதெல்லாம் பழங்கதை, 1991-லேயே முடிந்துபோய்விட்டது என்றுதான் காமர்ஸ் மாணவர்கள் நோட்ஸில் எழுதி மனப்பாடம் செய்கிறார்கள். தாராளமயம் வந்தது, லைசென்ஸ் ராஜ்யம் ஒழிந்தது, சுபம்! ஐந்து மார்க் கேள்விக்கு இந்தப் பதில் போதும். உண்மைக்குப் போதாது.

சிவப்புப் புத்தகத்தின் ஆட்சி

இரண்டாம் உலகப்போர் காலத்துக் கட்டுப்பாடுகளின் தொடர்ச்சியாக 1947-ல் இறக்குமதி ஏற்றுமதி கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 1955-ல் அதன்கீழ் இறக்குமதிக் கட்டுப்பாட்டு ஆணை. 1956-57-ல் அந்நியச் செலாவணி கரைந்துபோனதும் பிடி இறுகியது. எந்தப் பொருளை, யார், எவ்வளவு இறக்குமதி செய்யலாம் என்று அரசு ஒரு புத்தகம் போடும். அதற்கு வியாபார வட்டாரத்தில் 'சிவப்புப் புத்தகம்' என்று பெயர். அதைப் புரட்டிப் பார்த்துத்தான் ஓர் ஆலை தன் ஆண்டுத் திட்டத்தையே போட முடியும்.

நூலாலைக்கு நீண்ட இழைப் பஞ்சு, பெயிண்ட் ஆலைக்கு ரசாயனம், பத்திரிகைக்கு நியூஸ்பிரிண்ட், பட்டறைக்குச் சிறப்பு எஃகு... எதுவாக இருந்தாலும் லைசென்ஸ் வேண்டும். பெரிய ஆலை என்றால் டெல்லியில் உள்ள தொழில்நுட்ப மேம்பாட்டு இயக்ககம் சிபாரிசு செய்ய வேண்டும். சின்ன ஆலை என்றால் மாநிலத் தொழில்துறை இயக்குநர் சிபாரிசு செய்ய வேண்டும். பிறகு இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டாளர் அலுவலகம் லைசென்ஸ் தரும்.

கையில் டாலர் இல்லாத நாடு இறக்குமதியைக் கட்டுப்படுத்தாமல் இருக்க முடியாது. அதைத் தப்பு என்று சொல்வது எளிது. செய்து காட்டுவது கஷ்டம். வீட்டில் இருப்பது ஒரு படி அரிசி என்றால் அம்மா அளந்துதான் போடுவாள். அளந்து போட்டதைக் குறை சொல்வதற்கில்லை. எந்த ஆழாக்கால் அளந்தாள் என்று காட்டாமல் போட்டதுதான் இங்கே பிரச்சினை.

கே. சந்தானம் தலைமையிலான ஊழல் தடுப்புக் குழு 1964-ல் அறிக்கை கொடுத்தது. இறக்குமதி லைசென்ஸ் ஒன்று அதன் முகமதிப்பைப் போல 100 முதல் 500 சதவீதம் வரை விலை போகிறது, இது ஊரறிந்த விஷயம் என்று அந்த அறிக்கை சொன்னது. ஒரு லட்சம் ரூபாய்க்குப் பொருள் கொண்டுவர அனுமதிக்கும் காகிதத்தை மட்டும் விற்றாலே ஒரு லட்சம் முதல் ஐந்து லட்சம் வரை கிடைக்கும். ஆலையே ஓட்ட வேண்டாம்! இந்த வரியைத்தான் பத்தாண்டு கழித்து, 1974-ல், அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஆன் குரூகர் தன் புகழ்பெற்ற கட்டுரையில் எடுத்துக் காட்டினார். 1964-ம் ஆண்டு இந்தியாவில் இப்படி லைசென்ஸ், கோட்டா வகைகளில் உட்கார்ந்த இடத்தில் வந்த ஆதாயம் தேசிய வருமானத்தில் 7.3 சதவீதம் என்பது அவர் போட்ட கணக்கு.

குரூகர் இன்னொன்றும் சொன்னார். ஆலையின் உற்பத்தித் திறனைப் பார்த்து மூலப்பொருள் ஒதுக்கினால், முதலாளி என்ன செய்வான்? இருக்கிற மெஷினே பாதி நேரம் சும்மா கிடந்தாலும் இன்னொரு மெஷினை வாங்கிப் போடுவான். பொருள் செய்ய அல்ல, கோட்டா வாங்க. இந்தப் பாயிண்டைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 2018-க்கு வரும்போது மறுபடி தேவைப்படும்.

அமிர்தசரஸ் கம்பளியும் நூற்றுக்கு நாற்பதும்

'பிராமிசரி எஸ்டாப்பல்' என்று வணிகச் சட்டத்தில் ஒரு கோட்பாடு. ஒருவரை நம்பவைத்து ஒரு காரியத்தில் இறக்கிவிட்டபின், சொன்ன சொல்லை மாற்ற முடியாது என்பது அதன் சாரம். 'யூனியன் ஆஃப் இந்தியா எதிர் ஆங்கிலோ ஆப்கான் ஏஜென்சீஸ்' என்று வழக்கின் பெயரையும் சேர்த்து எழுதினால் ஒரு மார்க் கூடுதலாகக் கிடைக்கும். அந்த வழக்கு எதைப் பற்றியது என்று கேட்டால் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. அது மூலப்பொருள் கோட்டா வழக்கு.

1962 அக்டோபர் 10 அன்று ஜவுளி ஆணையர் ஒரு திட்டத்தை வெளியிட்டார். கம்பளித் துணியை ஏற்றுமதி செய்யுங்கள். ஏற்றுமதி செய்த மதிப்புக்கு நூற்றுக்கு நூறு மூலப்பொருள் இறக்குமதி செய்துகொள்ள உரிமைச் சான்று தருகிறோம் என்பது திட்டம். அன்றைய நிலையில் இறக்குமதி உரிமை என்பது தங்கம். அதை நம்பி நஷ்டத்துக்குக் கூட ஏற்றுமதி செய்யலாம், இறக்குமதியில் பிடித்துவிடலாம்.

அமிர்தசரஸைச் சேர்ந்த இந்த நிறுவனம் ஆப்கானிஸ்தானுக்கு 5,03,471 ரூபாய் சொச்சத்துக்குக் கம்பளிச் சரக்கை அனுப்பியது. வந்த சான்று எவ்வளவுக்கு? 1,99,459 ரூபாய்க்கு. நூற்றுக்கு நூறு என்று சொன்ன வாய், நூற்றுக்கு நாற்பது கூடக் கொடுக்கவில்லை. ஏன் குறைத்தீர்கள் என்றால், சரக்கின் மதிப்பைக் கூட்டிக் காட்டியிருக்கிறீர்கள், நாங்கள் விசாரித்துவிட்டோம் என்றார்கள். அந்த விசாரணையில் என்ன கண்டுபிடித்தார்கள் என்பதைச் சம்பந்தப்பட்டவருக்குக் காட்டி விளக்கம் கேட்டார்களா? இல்லை.

உச்சநீதிமன்றத்தில் அரசுத் தரப்பு வைத்த வாதம் இன்னும் அழகு. இது சட்டம் அல்ல, வெறும் நிர்வாகத் திட்டம்தான். இதை வைத்து யாரும் உரிமை கோர முடியாது. அரசின் தேவை மாறினால் திட்டமும் மாறும். அதாவது, நாங்கள் சொன்னோம், நீங்கள் நம்பினீர்கள், அது உங்கள் தலையெழுத்து!

1967 நவம்பர் 22 அன்று உச்சநீதிமன்றம் இதை ஏற்க மறுத்தது. நீதிபதி ஜே.சி. ஷா எழுதிய தீர்ப்பு. வாக்குறுதியை நம்பி ஒருவர் தன் நிலையை மாற்றிக்கொண்ட பிறகு, அரசாங்கம் தன் கடமை என்ன என்பதைத் தானே ஒருதலைப்பட்சமாகத் தீர்மானித்துக்கொண்டு நழுவ முடியாது என்பது அதன் சாரம். நல்ல தீர்ப்பு. கொண்டாட வேண்டிய தீர்ப்பு.

ஆனால் கொண்டாடிவிட்டு ஒரு கேள்வி கேட்க வேண்டும். அந்தத் திட்டத்தின் கீழ் சான்று குறைக்கப்பட்டது இந்த ஒரு நிறுவனத்துக்கு மட்டுமா? திட்டம் வந்து ஐந்து வருடம் கழித்துத்தான் தீர்ப்பு. ஐந்து வருடம் வக்கீலுக்குக் கட்டணம் கொடுத்துக்கொண்டு தாக்குப்பிடிக்கிற ஆளின் பெயர்தான் சட்டப் புத்தகத்தில் ஏறும். முதல் வருடமே தறியை விற்றுவிட்டுப் போனவன் பெயர் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

டெல்லிக்குப் போக ரயில் டிக்கெட்

கடைமடைக்கு இன்னொரு சோதனையும் இருந்தது. பலருக்கு இது தெரியாது.

1953-ல் தேர்தல் ஆணையம் எதிர் சாகா வெங்கட ராவ் என்று ஒரு வழக்கு. சென்னை உயர்நீதிமன்றம் தேர்தல் ஆணையத்துக்கு ரிட் பிறப்பித்திருந்தது. உச்சநீதிமன்றம் அது செல்லாது என்றது. ஆணையம் இருப்பது டெல்லியில். சென்னை உயர்நீதிமன்றத்தின் எல்லை அதுவரை நீளாது என்பது காரணம்.

கேட்பதற்கு இது தேர்தல் வழக்கு. விளைவு வியாபாரத்துக்கும்தான். டெல்லியில் உட்கார்ந்திருக்கும் எந்த மத்திய அரசு அதிகாரியின் உத்தரவையும் எதிர்த்துச் சென்னையில் ரிட் போட முடியாது. அப்போது டெல்லிக்கென்று தனி உயர்நீதிமன்றமும் இல்லை, 1966-ல்தான் வந்தது. அதுவரை டெல்லி, பஞ்சாப் உயர்நீதிமன்றத்தின் எல்லைக்குள் இருந்தது. ஆக, அமிர்தசரஸ்காரருக்குத் தன் உள்ளூர் உயர்நீதிமன்றமே டெல்லிக்கும் உயர்நீதிமன்றம். தஞ்சாவூர் ஜில்லாவில் ஒரு சின்ன ஆலைக்காரருக்கு? மூட்டை கட்டிக்கொண்டு ரயிலேற வேண்டும். பாஷை தெரியாத ஊரில் வக்கீல் பிடிக்க வேண்டும்.

1963-ல் அரசியல் சட்டத்தின் பதினைந்தாவது திருத்தம் வந்த பிறகுதான், பாதிப்பு எங்கே நேர்ந்ததோ அந்த ஊர் உயர்நீதிமன்றத்திலேயே டெல்லி அதிகாரிக்கு எதிராக வழக்குப் போட வழி பிறந்தது. அரசியல் சட்டம் அமலுக்கு வந்து பதின்மூன்று வருடம் கழித்து! கோட்டா ஆட்சி உச்சத்தில் இருந்த வருடங்களும் அவைதான். கோர்ட் இருந்ததே, நியாயம் கேட்டிருக்கலாமே என்று இன்று சொல்கிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பத்துப் பக்கத்துக்கு மேல் எழுதாதே

மூலப்பொருள் கோட்டா என்பது முதலாளிகளின் பிரச்சினை, நமக்கென்ன என்று நினைப்பவர்களுக்காக நியூஸ்பிரிண்ட் கதை. டீக்கடையில் ஓசிப் பேப்பர் படிப்பவரையும் இது தொட்டது.

அன்று நாட்டில் நியூஸ்பிரிண்ட் செய்த ஒரே ஆலை மத்தியப் பிரதேசத்து நேபா ஆலைதான். மீதியெல்லாம் கப்பலில் வர வேண்டும். 1962-ன் நியூஸ்பிரிண்ட் கட்டுப்பாட்டு ஆணைப்படி எந்தப் பத்திரிகைக்கு எவ்வளவு என்று அரசே பங்கு போட்டது. 1972-73-க்கான இறக்குமதிக் கொள்கையில் நான்கு கட்டளைகள் வந்தன:

1. ஒரே உரிமையாளரின் கீழ் பல பத்திரிகைகள் இருந்தால், தன் கோட்டாவுக்குள்ளேயே கூடப் புதுப் பத்திரிகையோ புதுப் பதிப்போ தொடங்கக் கூடாது.
2. அதிகபட்சம் பத்துப் பக்கம். பிரதிகளைக் குறைத்துக்கொண்டு பக்கத்தைக் கூட்டலாம் என்றாலும் கூடாது.
3. ஒரு பதிப்பின் காகிதத்தை அதே உரிமையாளரின் இன்னொரு பதிப்புக்கு மாற்றக் கூடாது.
4. பத்துப் பக்கத்துக்குக் குறைவாக உள்ள பத்திரிகைகள் மட்டும், பத்து வரைக்கும், 20 சதவீதம் பக்கத்தைக் கூட்டிக்கொள்ளலாம்.

சின்னப் பத்திரிகைகளை வளர்க்கத்தான் இது என்றது அரசு. டைம்ஸ் ஆஃப் இந்தியாவை நடத்தும் பென்னட் கோல்மன் உள்ளிட்ட பெரிய நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 1972 அக்டோபர் 30 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வில் நான்கு பேர் பத்திரிகைகள் பக்கம் நின்றார்கள். காகிதத்தைப் பங்கு போடலாம். ஆனால் காகிதத்தைக் கொடுத்த பிறகு அதில் எத்தனை பக்கம் அச்சடிப்பது என்று சொல்வது காகிதக் கட்டுப்பாடு இல்லை, பத்திரிகைக் கட்டுப்பாடு என்றார்கள். கே.கே. மேத்யூ ஒருவர் மட்டும் மாறுபட்டார். பேச்சுரிமை பேப்பர் முதலாளிக்கு மட்டும்தானா, பலவிதக் குரல்களைக் கேட்கும் உரிமை மக்களுக்கு இல்லையா என்ற திசையில் போனது அவர் எழுத்து.

இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. அரிசி கொடுத்தவன் சோறாக்கு, இட்லி சுடாதே என்று சொல்ல முடியாதுதான். மேத்யூ கேட்டதும் சாதாரணக் கேள்வி இல்லை. ஆனால் நான்கு கட்டளைகளையும் திரும்பப் படித்துப் பாருங்கள். காகிதத் தட்டுப்பாடுதான் காரணம் என்றால், தன் பங்குக்குள் ஒருவன் பக்கத்தைக் கூட்டிப் பிரதியைக் குறைப்பதால் அரசுக்கு ஒரு டன் கூடக் கூடுதல் செலவில்லையே! பிறகு எதற்குத் தடை? பங்கு போடும் அதிகாரம் கையில் வந்தால் அது பங்கோடு நிற்பதில்லை. பிடியைக் கையில் வைத்திருப்பவன் அடுத்த வீட்டு அடுப்புக்கும் உத்தரவு போட ஆரம்பித்துவிடுகிறான்.

சின்னப் பத்திரிகைகள் செழித்தனவா? சர்குலேஷனைக் காகிதத்தில் மட்டும் கூட்டிக் காட்டி, அதற்கு நியூஸ்பிரிண்ட் வாங்கி, வெளிச்சந்தையில் ரீல் ரீலாக விற்ற 'பத்திரிகைகள்' செழித்தன. நிஜமாகவே நடத்தியவர்கள் அதே நியூஸ்பிரிண்டைக் கூடுதல் விலைக்கு வாங்கினார்கள். இதுவும் ஊரறிந்த விஷயம்தான்.

தமிழ்நாட்டில் இதற்கு உருப்படியான பதில் ஒன்று பிற்பாடு கிடைத்தது. 1979-ல் தொடங்கப்பட்டு 1984-ல் உற்பத்திக்கு வந்த கரூர் புகளூர் காகித ஆலை. கரும்புச் சக்கையிலிருந்து நியூஸ்பிரிண்ட் செய்து காட்டியது. தட்டுப்பாட்டை ஆண்டுக்கணக்கில் பங்கு போட்டுக்கொண்டே இருப்பதைவிட ஓர் ஆலை கட்டுவது மேல்.

பக்கத்து வீட்டு லைசென்ஸ்

நாகூருக்கு வடக்கே வாஞ்சூர் செக்போஸ்ட்டைத் தாண்டினால் காரைக்கால். அதாவது புதுச்சேரி மாநிலம். அந்த மாநிலத்தின் பெயர் ஒரு காலத்தில் நாடாளுமன்றத்தையே ஆட்டியது.

1972-ல், புதுச்சேரிப் பகுதி வியாபாரிகள் சிலருக்கு இறக்குமதி லைசென்ஸ் தரக் கோரி, எம்.பி.க்கள் 21 பேர் கையெழுத்திட்ட மனு ஒன்று அன்றைய வெளிநாட்டு வர்த்தக அமைச்சர் எல்.என். மிஸ்ராவிடம் போனது. பிறகு லைசென்ஸ்கள் வந்தன. 1974-ல் விஷயம் வெடித்தது. மனுவில் பெயர் இருந்த எம்.பி.க்களே, நாங்கள் கையெழுத்தே போடவில்லை என்றார்கள். துல்மோகன் ராம் என்ற பீகார் எம்.பி.யின் பெயர் நாடு முழுக்க அடிபட்டது. சி.பி.ஐ. விசாரணை, அவை ஒத்திவைப்பு, ஆர்ப்பாட்டம் எல்லாம் நடந்தன.

ஒரு சின்ன வியாபாரி லைசென்ஸ் கேட்க எதற்கு 21 எம்.பி.க்கள் கையெழுத்து? யார் யார் கேட்டார்கள், யாருக்குக் கிடைத்தது, யாருக்கு ஏன் கிடைக்கவில்லை என்ற பட்டியல் ஆபீஸ் சுவரில் ஒட்டப்பட்டிருந்தால், அந்தக் கையெழுத்துகளுக்கு நாலணா மதிப்பு இருந்திருக்குமா? சிபாரிசுக்கு விலை வருவதே இருட்டால்தான். பட்டியல் மறைவில் இருக்கும்வரை கதவைத் தட்டத் தெரிந்தவனுக்குக் கதவு திறக்கும்.

முடிந்துபோன கதையா?

சரி, 1992-ல் பழைய 1947 சட்டம் போய் வெளிநாட்டு வர்த்தக மேம்பாட்டுச் சட்டம் வந்தது. பெரும்பாலான மூலப்பொருள்களுக்கு லைசென்ஸ் போய்விட்டது. வாஞ்சூரை ஒட்டி 2009-ல் தொடங்கிய காரைக்கால் துறைமுகத்தில் நிலக்கரி இறங்குகிறது. பணம் இருக்கிற யாரும் இறக்குமதி செய்யலாம். நாகூர் வீடுகளில் படியும் கரித்தூசிக்கு மட்டும் லைசென்ஸ் தேவைப்படவில்லை. அது வேறு சண்டை. துறைமுகம் 2023-ல் அதானி குழுமத்தின் கைக்கு மாறிய பிறகும் தீராத சண்டை.

ஆனால் கோட்டா போகவில்லை. பெட்கோக் என்று ஒரு கருப்புப் பொருள். பெட்ரோலிய சுத்திகரிப்பில் கடைசியாக மிஞ்சுவது. எரித்தால் கந்தகப் புகை. அதையே சூளையில் பதப்படுத்தினால் அலுமினிய ஆலைக்குத் தேவையான முக்கியமான மூலப்பொருள். டெல்லிக் காற்று மாசு வழக்கில் உச்சநீதிமன்றம் இதில் தலையிட்டது. 2018 அக்டோபர் 9 அன்று, பதப்படுத்தும் ஆலைகள் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு 14 லட்சம் டன் பச்சைப் பெட்கோக்குக்கு மேல் இறக்குமதி செய்யக் கூடாது என்று வரம்பு போட்டது. அலுமினிய ஆலைகளுக்குப் பதப்படுத்திய பெட்கோக் 5 லட்சம் டன்.

வரம்பு வந்தால் பங்கு வரும். பங்கு வந்தால் வழக்கு வரும். வந்தது. வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்ககம் அந்த 14 லட்சம் டன்னை ஆலைகளுக்குப் பிரிக்க, யாருடைய உற்பத்தித் திறனை எந்தத் தேதிக்குக் கணக்கிடுவது, பிறகு வந்த ஆலைக்குப் பங்கு உண்டா, விரிவாக்கம் செய்த ஆலைக்குக் கூடுதல் உண்டா என்று டெல்லியில் கோர்ட் கோர்ட்டாகச் சண்டை. நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்ன குரூகர் பாயிண்ட் இதுதான். 1960-களில் எந்தக் கேள்விக்கு அடித்துக்கொண்டார்களோ, அரை நூற்றாண்டு கழித்து அதே கேள்வி. ஒரே வித்தியாசம், இந்த முறை வரம்பு போட்டதே நீதிமன்றம்.

கோட்டாவுக்குக் காரணம் டாலர் பற்றாக்குறையாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. சுற்றுச்சூழலாக இருக்கலாம், போராக இருக்கலாம், ஏற்றுமதி செய்யும் நாடு கையை இறுக்குவதாக இருக்கலாம். மூலப்பொருளைப் பங்கு போடும் வேலை அரசுக்கு மறுபடி மறுபடி வரத்தான் போகிறது. 1991-ஐக் காட்டி 'முடிந்தது' என்பவர்கள், மழை நின்றதும் குடையைத் தூக்கிப் போடுகிறவர்கள்.

"ஏலம் விட்டால் போச்சு!"

இதற்குச் சுலபமான பதில் ஒன்று தயாராக இருக்கிறது. அதிகாரிக்கு எதற்கு வேலை, அதிகம் கொடுப்பவனுக்குக் கொடு, ஏலம் விடு! 2012 பிப்ரவரி 2 அன்று 122 அலைக்கற்றை லைசென்ஸ்களை ரத்துசெய்த உச்சநீதிமன்றமும் ஏலத்தைத்தானே சொன்னது என்பார்கள். அதே ஆண்டு செப்டம்பரில், குடியரசுத் தலைவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்ன அதே உச்சநீதிமன்றம், எல்லா இயற்கை வளத்துக்கும் ஏலம் ஒன்றுதான் வழி என்று அரசியல் சட்டம் சொல்லவில்லை என்றது. அதை ஏனோ யாரும் மேற்கோள் காட்டுவதில்லை.

ஏலத்தில் இருட்டு குறையும். உண்மை. ஆனால் காவிரித் தண்ணீரை ஏலம் விட்டால் கடைமடைக்கு என்ன வரும்? பத்துப் பேர் வேலை செய்யும் ஆலை, பத்தாயிரம் பேர் வேலை செய்யும் ஆலையோடு ஏலத்தில் போட்டி போட முடியாது. அதிகாரியின் தயவில் சாவதற்குப் பதில் சந்தையின் தயவில் சாகும். அவ்வளவுதான்.

எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் பதிலும் இதே தரம்தான். அரசாங்கம் ஏழைபங்காளன், அது பங்கு போட்டால் சின்னவனுக்குக் கிடைக்கும் என்பது. கிடைத்ததா? சின்ன ஆலைகளின் பெயரைச் சொல்லித்தான் முக்கால்வாசிக் கோட்டாக்கள் வந்தன. 1967-ல் ஆர்.கே. ஹசாரி கொடுத்த அறிக்கை, பிர்லா போன்ற பெரிய குழுமங்கள் தொழில் லைசென்ஸ்களை முன்கூட்டியே வாங்கிக் குவித்து, மற்றவர்கள் வரவிடாமல் வழியை அடைத்ததைக் காட்டியது. டெல்லியில் நிரந்தரமாக ஆபீஸ் வைத்து ஆள் போட முடிந்தவனுக்கு எந்தக் கோட்டாவும் கஷ்டமில்லை.

செய்ய வேண்டியது என்ன?

ராஜாஜி 'பெர்மிட் லைசென்ஸ் கோட்டா ராஜ்யம்' என்று திட்டித் தீர்த்தார். பெயர் நன்றாக வைத்தார். பங்கு போட்டே ஆக வேண்டிய நாளில் எப்படிப் போடுவது என்பதற்கு அந்தத் திட்டில் பதில் இல்லை. மேலே பார்த்த வழக்குகளிலேயே பதில் இருக்கிறது.

ஒன்று: சூத்திரம் முன்னாலேயே வெளியாக வேண்டும். விண்ணப்பம் வாங்கிய பிறகு விதியை எழுதக் கூடாது. ஓட ஆரம்பித்த பிறகு கோட்டை நகர்த்தியதுதான் 1962 கம்பளித் திட்டத்தில் நடந்தது. உற்பத்தித் திறனைக் கணக்கில் எடுத்தால் எந்தத் தேதிய திறன் என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும்.

இரண்டு: கேட்டது எவ்வளவு, கொடுத்தது எவ்வளவு, குறைத்தால் ஏன் குறைத்தோம் என்று எல்லா ஆலைக்கும் ஒரே பட்டியல். பெட்கோக் விஷயத்தில் யாருக்கு எவ்வளவு என்பதை இயக்ககம் தன் தளத்தில் வெளியிடுகிறது. அதனால்தான் குறைந்தவன் கோர்ட்டுக்காவது போக முடிகிறது. ஆனால் எண் மட்டும் போதாது, காரணம் வேண்டும். தொழில் ரகசியம் கெட்டுவிடும் என்பது சப்பைக்கட்டு. ஒருவனுக்கு எத்தனை டன் தேவை என்பது போட்டியாளனுக்கு ஏற்கெனவே தெரியும். தெரியாதது, அவனுக்கு எத்தனை டன் 'கிடைத்தது' என்பதுதான்.

மூன்று: மேல்முறையீடு பக்கத்தில் இருக்க வேண்டும். இயக்ககத்துக்குச் சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் புதுச்சேரியிலும் அலுவலகம் இருக்கிறது. முப்பது நாளில் பதில் சொல்லும் பொறுப்பை அங்கேயே கொடுக்கலாம். ஐந்து வருட வழக்கில் ஜெயிப்பது பெரிய ஆலைக்கு வெற்றி. சின்ன ஆலைக்கு அது காரியம் முடிந்த வீட்டுக்கு வந்த டாக்டர்.

நான்கு: வாங்கிய பங்கைப் பயன்படுத்தாதவன் திருப்பிக் கொடுக்க வேண்டும், அது கேட்டுக் கிடைக்காதவனுக்குப் போக வேண்டும். ஆலை ஓட்டாமல் காகிதத்தை விற்று வாழும் பிழைப்புக்கு இதைவிட நல்ல மருந்தில்லை.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று சிரிப்பவர்கள் காவிரியைப் பார்க்கட்டும். 1990-ல் நடுவர் மன்றம், 2007-ல் இறுதித் தீர்ப்பு, 2018 பிப்ரவரி 16-ல் உச்சநீதிமன்றத் தீர்ப்பு. தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. அதோடு நிற்கவில்லை. ஜூனில் 9.19, ஜூலையில் 31.24 என்று மாதவாரியாகப் பட்டியல் இருக்கிறது. தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்றால் வருவதில்லை. ஆனால் வராத வருடத்தில், ஜூனில் இவ்வளவு வரவேண்டும், இவ்வளவுதான் வந்தது, மீதி எங்கே என்று கீழ்வேளூரில் ஒரு விவசாயி எண்ணைச் சொல்லிக் கேட்க முடிகிறது. அந்த எண்ணுக்காகத்தான் டெல்டா இத்தனை வருடம் போராடியது.

மூலப்பொருளுக்காகக் காத்து நிற்கும் சின்ன ஆலைக்கும், அதில் வாரக்கூலி வாங்கும் ஆட்களுக்கும் அதே உரிமைதான் வேண்டும். கொடுப்பது குறைவாக இருக்கலாம். அதைத் தாங்கிக்கொள்வார்கள், கடைமடைக்குப் பழக்கம்தான். ஆனால் மேலே யார் எவ்வளவு எடுத்தார்கள் என்ற கணக்கைக் காட்டிவிட்டுக் குறைக்கட்டும்.